சிறுகதையின் கதைப்பின்னலை நடத்துவது எப்படி? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் நடத்தும் ஆசிரியர்கள் பயிற்சி வகுப்பிலும் டீ இடைவேளையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் இரண்டே கதைகள்தான். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதை. மற்றொன்று வ.வே.சு. ஐயர் 1915-இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’. தமிழின் முதல் சிறுகதை எது என்ற வாதம் ஓயாது. அந்த வாதத்தில் இந்தக் கதையின் பெயர் விடுபட்டதும் கிடையாது.

படிக்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக: சிறுவயதிலேயே நாகராஜனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் ருக்மிணி. அவள் அப்பாவின் சொத்து போய்விடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் அவளை ஒதுக்கிவிட்டு மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். நாகராஜன் சம்மதிப்பதுபோல் நடிக்கிறான். கடைசி நேரத்தில் மறுத்துவிடுவது அவன் திட்டம். நண்பனிடம் சொன்னவன் ருக்மிணியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து இறக்கிறாள். அவன் சந்நியாசியாகிறான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அரசமரம் கதையைச் சொல்கிறது.

கதைப்பின்னல் என்றால் கதைச்சுருக்கம்தானே? ஒன்றுக்கு எதற்கு இரண்டு பெயர்?

இரண்டும் வேறு. “பாட்டி வடை சுட்டாள். அப்புறம் காகம் வந்து தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் நரி வந்தது. அப்புறம் வடை கீழே விழுந்தது.” இது சுருக்கம். “காகத்துக்குத் தன் குரலைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. அது நரிக்குத் தெரியும். அதனால் பாடச் சொன்னது. வாயில் வடை இருப்பதை மறந்து காகம் பாடியது, அதனால் வடை விழுந்தது.” இதுதான் பின்னல். நிகழ்ச்சிகள் அதேதான், அவற்றைச் சேர்க்கும் கயிறு மாறிவிட்டது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் இதை ராஜா ராணியை வைத்து விளக்கினார். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்றால் அது கதை. அந்தத் துக்கத்தில் ராணி இறந்தார் என்றால் அது பின்னல்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வழி: கதையின் நிகழ்ச்சிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். முதலில் வரிசைப்படுத்தட்டும். பிறகு இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ‘அப்புறம்’ வரும் இடத்தில் ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட முடியுமா என்று பார்க்கட்டும். போட முடியாத இடம் வந்தால் சண்டை தொடங்கும். “இல்ல சார், இந்தச் சீட்டே தேவையில்ல” என்று ஒருவன் எழுந்து சொல்வான். பாடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

உறுப்புகள் எத்தனை? ஒரு புத்தகத்தில் மூன்று, இன்னொன்றில் ஐந்து, இணையத்தில் ஏழு என்று இருக்கிறதே?

தொடக்கம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு என்ற ஐந்துதான் நம் கல்லூரிப் பாடங்களில் அதிகம் புழங்குவது. பழைய ஆசிரியர்கள் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் வளர்ச்சிக்குள் இருக்கும் முடிச்சைத் தனியாக எண்ணுவார்கள், எண்ணிக்கை கூடிவிடும். ஆறு, ஏழாம் வகுப்புக்கு மூன்றே போதும். எட்டு, ஒன்பதில் ஐந்தாக விரிக்கலாம். பள்ளிக்குள் எல்லா ஆசிரியர்களும் ஒரே பெயர்களைப் பயன்படுத்தினால் பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் குறையும். எந்தப் பட்டியல் என்பது அதற்கு அடுத்த விஷயம்.

இந்த ஐந்து நிலை வெள்ளைக்காரர் கணக்குதானே சார்? தமிழில் இதெல்லாம் இருந்ததா?

பாடநூல்களில் வரும் மலை மாதிரியான படம் குஸ்தாவ் ஃபிரைடாக் என்ற ஜெர்மன் எழுத்தாளரிடமிருந்து வந்தது. 1863-இல் நாடகக் கலை பற்றி எழுதியபோது அதைக் கொடுத்தார். அவர் மனதில் இருந்தது கிரேக்க நாடகமும் ஷேக்ஸ்பியரின் ஐந்து அங்க நாடகமும். சிறுகதையை வைத்து அவர் அந்த மலையை வரையவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏழாவது கேள்வியில் தேவைப்படும்.

நம்மிடமும் ஐந்து உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், நாடகத்தின் சந்திகளாக, அதாவது கதை நகரும் கட்டங்களாக, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்ற ஐந்தைச் சொல்கிறார். விளக்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது வயல். உழுது பண்படுத்திய புழுதியில் போட்ட விதை முளைப்பது முகம். அது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். உள்ளே கரு பிடித்துப் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். பெயர்களைப் பார்த்தாலே வடமொழி நாடக இலக்கணத்தோடு உறவு தெரியும். நாட்டிய சாஸ்திரமும் ஐந்து சந்திதான் சொல்கிறது. ஆகவே ‘எல்லாம் நாமே கண்டுபிடித்தோம்’ என்று வகுப்பில் மார்தட்ட வேண்டாம். ஆனால் டெல்டா மாவட்டத்துப் பிள்ளைக்கு ஐரோப்பிய மலையைவிட இந்த வயல் சீக்கிரம் புரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபிரைடாக்கின் மலையில் உச்சி நடுவில் இருக்கிறது, ஐந்தில் மூன்றாவதாக. வயலில் விளைவு நான்காவதாகத்தான் வருகிறது. சிறுகதை நடக்கும் விதத்துக்கு இரண்டாவதே பக்கத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

முதல் நாளே போர்டில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு நடத்தலாமா?

வேண்டாம். படத்தை முதலில் போட்டால் பிள்ளைகள் கதையைப் படிக்க மாட்டார்கள், கட்டங்களுக்கு ஆள் தேடுவார்கள். ‘உச்சம்: ______’ என்று ஒரு கோடு இருந்தால் அதில் எதையாவது எழுதிவிட்டு ஓடிவிடலாம் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும்.

முதலில் கதையைச் சத்தமாக வாசியுங்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, “இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறே? ஏன்?” என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ முக்கியம். பிறகு சீட்டு விளையாட்டு. பெயர்கள் மூன்றாவதாக வரட்டும். அப்போது பிள்ளைகள் ஏற்கெனவே கண்டுபிடித்த ஒன்றுக்கு நீங்கள் பெயர் வைக்கிறீர்கள்.

முரண் என்றால் சண்டை என்றே எழுதுகிறார்கள். சண்டை இல்லாத கதை என்றால் ‘முரண் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். என்ன செய்ய?

‘முரண் என்ன’ என்று கேட்காதீர்கள். ‘யாருக்கு என்ன வேணும், குறுக்கே நிற்பது எது’ என்று கேளுங்கள். காகத்துக்கு வடை வேண்டும், குறுக்கே நரி நிற்கிறது. இது வெளியே தெரிவது. அதே காகத்துக்கு வடையும் வேண்டும், பாராட்டும் வேண்டும். ஒரே வாயால் இரண்டும் முடியாது. இது உள்ளே இருப்பது. காகம் வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடியதாக ஒரு புது வடிவம் பிள்ளைகளிடம் சுற்றுகிறது அல்லவா? அதைச் சொல்லிப் பாருங்கள். வெளி முரண் அப்படியே இருக்கிறது, நரி போகவில்லை. உள் முரண் தீர்ந்துவிட்டது, அதனால் கதையே மாறிவிட்டது.

அரசமரக் கதையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. மாமியார் வீடு, பணம், ஊர்ப் பேச்சு எல்லாம் ஒரு பக்கம். நாகராஜனுக்கு ருக்மிணியும் வேண்டும், பெற்றோருக்குப் பாடம் புகட்டும் அந்த விளையாட்டும் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எட்டும். “சொல்லியிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?” என்று பெண் பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள்.

உச்சக்கட்டம் எது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எது சரி என்று நான் சொல்ல வேண்டாமா?

சினிமாவில் கிளைமாக்ஸ் என்றால் கடைசிச் சண்டை. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் கதையின் கடைசி நிகழ்ச்சியையோ அதிகச் சத்தமான நிகழ்ச்சியையோ காட்டுவார்கள். அரசமரக் கதை என்றால் ‘ருக்மிணி இறந்தது’ என்று பாதி வகுப்பு எழுதும். மிச்சப் பேரில் யாராவது குளக்கரையில் அவளும் அவனும் பேசிக்கொள்ளும் இடத்தைச் சொல்வார்கள்.

நான் இரண்டாவது பக்கம். அந்தப் பேச்சில் அவன் தன் திட்டத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்குப் பிறகு கதை திரும்ப முடியாது. மரணம் அந்த மௌனத்தின் விளைவு. கண்டுபிடிக்க ஒரு கேள்வி உண்டு: “எந்த இடம் வரைக்கும் இந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கலாம்?” அந்தக் கடைசி இடம்தான் உச்சம். ஆனால் ஒரு மாணவி, ‘குளத்தில் இறங்கும் வரை அவள் மனம் மாறியிருக்கலாம், அதனால் அதுதான் உச்சம்’ என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். காரணம் எழுதாமல் ‘பேச்சுதான் உச்சம்’ என்று சரியான விடையை எழுதியவனுக்கு அவ்வளவு கொடுக்காதீர்கள்.

சினிமாப் பழக்கத்தை நம் பக்கம் திருப்பவும் செய்யலாம். “இதைப் படமா எடுத்தா இன்டர்வெல் எங்கே விடுவே?” என்று கேளுங்கள். முடிச்சு இறுகும் இடத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளை தவறாமல் காட்டுவான். வளர்ச்சியை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

உச்சத்துக்குப் பிறகு ‘வீழ்ச்சி’ என்று ஒரு பகுதி சொல்கிறார்கள். நாங்கள் நடத்தும் கதைகளில் அது காணவே இல்லையே?

பல சிறுகதைகளில் அது இருக்காது. இருந்தாலும் ஒரு பத்தி, ஒரு வரி. ஐந்து அங்க நாடகத்துக்கு அளந்த சட்டை அது, சிறுகதை அதைப் போட்டால் தொளதொளக்கும். ‘வீழ்ச்சி இல்லை, உச்சத்திலேயே கதை முடிகிறது’ என்று மாணவன் எழுதினால் அது சரியான விடை. இல்லாத ஒன்றை எழுத வைக்காதீர்கள்.

கதைப்பின்னலைக் கேட்டால் நீதியை எழுதுகிறார்கள். ‘வீண் புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது’ என்று முடித்துவிடுகிறார்கள்.

சின்ன வயதிலிருந்து ‘இந்தக் கதையால் அறியப்படும் நீதி’ என்று நாம் கேட்டுக் கேட்டுப் பழக்கியிருக்கிறோம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நீதி, கருப்பொருள் எல்லாம் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. பின்னல் கதைக்குள்ளேயே கிடப்பது. ஒரே பின்னலிலிருந்து இரண்டு கருப்பொருள் எடுக்கலாம் என்று காட்டினால் வித்தியாசம் பிடிபடும். வடைக் கதையில் புகழ்ச்சிக்கு மயங்காதே என்பது ஒன்று. திருடிய பொருள் தங்காது என்பது இன்னொன்று. பாட்டியின் கோணத்தில் யோசித்தால் மூன்றாவதும் வரும்: கடைசிவரை அவளுக்கு வடை திரும்பிக் கிடைக்கவே இல்லை.

அரசமரக் கதையில் மரமே நம்மைப் பார்த்து நேரடியாக அறிவுரை சொல்கிறது, விளையாட்டுக்காகக்கூடப் பெண் மனதை நோகடிக்காதீர்கள் என்று. 1915-இல் அப்படிச் சொல்வது இயல்பு. அந்த அறிவுரையைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பின்னல் கொஞ்சமும் குலையாது.

பின்னோக்கி நடக்கும் கதை வந்தால் தொடக்கம் எது? முதல் பத்தியா, முதலில் நடந்ததா?

இரண்டு வரிசைகளையும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கம் நடந்த வரிசை, வலப்பக்கம் எழுத்தாளர் சொன்ன வரிசை. அரசமரக் கதையில் மரம் பேசத் தொடங்கும்போதே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆனால் பின்னலின் தொடக்கம் மரத்தின் பேச்சு இல்லை; ருக்மிணியின் குடும்பம் நன்றாக இருந்த காலம்தான்.

பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: நடந்த வரிசையிலேயே சொல்லியிருந்தால் எதை இழந்திருப்போம்? ஒரு துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டால் பதில் உடனே வரும். கொலை முதலில் நடந்தது, கடைசியில் சொல்லப்பட்டது.

மரம் ஏன் கதை சொல்கிறது? இது பின்னலில் சேருமா, இல்லை உத்தியா?

பெயர்ப்படி பார்த்தால் உத்தி, நோக்குநிலை. ஆனால் இந்தக் கதையில் பின்னல் அதன் மேல்தான் நிற்கிறது. குளக்கரையில் நடக்கும் பேச்செல்லாம் மரத்துக்குக் கேட்கும். நாகராஜன் நண்பனிடம் சொன்னதும் கேட்டது, ருக்மிணியிடம் சொல்லாமல் விட்டதும் கேட்டது. அதனால் நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. மரத்தால் எழுந்து போய் அவளிடம் சொல்லவும் முடியாது. ருக்மிணியே கதை சொல்லியிருந்தால் நமக்கும் திட்டம் தெரிந்திருக்காது, பதற்றத்துக்குப் பதில் கடைசியில் ஒரு திகைப்புதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே உறுப்புகளைத் தனித்தனிப் பெட்டியில் போட்டு நடத்தினாலும், ஒரு நாளாவது ‘யார் சொன்னால் கதை எப்படி மாறும்’ என்று கேட்டுவிடுங்கள். வடைக் கதையை நரி சொல்வதாக எழுதச் சொன்னால் வகுப்பு களைகட்டும்.

எதுவுமே நடக்காத கதைகள் இருக்கிறதே? ஒருவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார், கதை முடிந்துவிடும். அதில் பின்னலை எங்கே தேடுவது?

மேல்நிலை வகுப்பில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வெளியே நடப்பதைத் தேடாமல், கதையின் முதல் பத்தியில் அந்த மனிதர் நினைத்ததையும் கடைசிப் பத்தியில் நினைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே எதோ அசைந்திருக்கும். சில கதைகளில் பாத்திரம் அசையாது, அவரைப் பற்றி நமக்கு இருந்த எண்ணம் அசையும்.

மோதல் இல்லாமலும் கட்டலாம் என்பதற்கு ஜப்பானியர் கிஷோதென்கெட்சு என்று சொல்லும் நான்கு படி அமைப்பைக் காட்டலாம். சீனத்து நாலுவரிக் கவிதையிலிருந்து வந்தது. அறிமுகம், வளர்ச்சி, எதிர்பாராத ஒரு திருப்பம், கடைசியில் இணைப்பு. அங்கே யாரும் யாருக்கும் குறுக்கே நிற்கத் தேவையில்லை. ஐந்து நிலையில் அடங்காத கதை குறையுள்ள கதை என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இருக்க இந்த ஒரு உதாரணம் உதவும்.

இதெல்லாம் சரி. விரிவானக் கேள்விக்கு முன்னுரை, துணைத்தலைப்பு, முடிவுரை என்று எழுதினால்தானே மார்க்? பின்னல் எதற்கு?

இரண்டும் ஒத்துப்போகும். இப்போது என்ன நடக்கிறது? நோட்ஸில் உள்ளபடி ‘கதைகள் வாழ்க்கையைச் செம்மைப்படுத்துகின்றன’ என்று முன்னுரை, கதைமாந்தர் பெயர்களே துணைத்தலைப்பு. எந்தக் கதைக்கும் பொருந்தும் விடை. அதற்குப் பதில் திருப்பங்களையே துணைத்தலைப்பாக்கச் சொல்லுங்கள். அரசமரக் கதைக்கு ‘செல்வம் போனது’, ‘இரண்டாம் கல்யாணப் பேச்சு’, ‘குளக்கரையில் சொல்லாமல் விட்டது’, ‘மறுநாள் காலை’ என்று நான்கு. தலைப்புகளைப் படித்தாலே கதை ஓடும். மனப்பாடம் செய்ய வேண்டியதும் குறையும், ஒன்று நினைவுக்கு வந்தால் ‘அதனால்’ என்று அடுத்தது தானே வரும்.

வாசிக்கவே திணறுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை எப்படி?

பின்னலுக்கு எழுத்து தேவையில்லை. வாயால் சொல்லுங்கள். சீட்டில் வாக்கியத்துக்குப் பதில் படம் வரையட்டும். வாசிப்பில் பின்தங்கிய பையன்கள் ‘எந்த இடத்தில் திரும்பியது’ என்பதை வகுப்பின் முதல் மாணவனைவிடச் சட்டென்று பிடிப்பதைப் பார்க்கலாம். ஊரில் கூத்தும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

சொந்தமாக எழுதச் சொன்னால் ‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’ என்று முடிக்கிறார்கள். இல்லாவிட்டால் லாரி வந்து அடித்துவிடுகிறது.

கனவும் லாரியும் ஒரே நோய். எழுதியவனுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை, அறுத்துவிட்டான். நான் கொடுக்கும் விதி ஒன்றுதான்: தற்செயல் சிக்கலைத் தொடங்கலாம், தீர்க்கக் கூடாது. ருக்மிணியின் அப்பா பணத்தை இழந்தது அவள் கையிலோ நாகராஜன் கையிலோ இல்லை, வெளியிலிருந்து வந்த அடி. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் வங்கி மூழ்கியபோது பல குடும்பங்கள் அப்படித்தான் நொடித்தன. அந்தக் காலத்து வாசகருக்கு அதை நம்ப விளக்கமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மனிதர்கள் செய்தது, செய்யாமல் விட்டது.

லாரி வேண்டுமென்றால் முதல் பத்தியிலேயே வரட்டும் என்று சொல்லுங்கள். அடிபட்டவனின் சைக்கிளை யார் எடுத்துப் போனார்கள் என்று கதை தொடங்கும்.

எல்லா உறுப்பையும் கட்டம் கட்டமாகச் சரியாக எழுதிவிடுகிறான். ஆனால் கதை புரியவில்லை என்று தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டுக் கேளுங்கள். ‘நாகராஜன் நண்பனிடம் திட்டத்தைச் சொல்லும் காட்சி இல்லை என்று வைத்துக்கொள். கதையில் என்ன மாறும்?’ நோட்ஸில் இதற்குப் பதில் இருக்காது. புரிந்தவன் பத்தாவது கேள்வியில் சொன்னதற்குப் பக்கத்தில் எங்கேயாவது வந்து நிற்பான். ‘நாகராஜன் நிஜமாவே கெட்டவன்னு நினைச்சிருப்போம்’ என்று ஒருவன் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் அது போதும். புரியாதவன் கதைச்சுருக்கத்தை முதலிலிருந்து மறுபடி எழுதுவான்.